மருந்து கடித்த பல்

புற்றுநோய் ஆய்வுக்கூடங்களில் விலங்குகளைப் பராமரிப்பவர்களுக்குப் பழக்கமான காட்சி இது. முழு உடலுக்கும் கதிர்வீச்சு கொடுத்து, வேறொரு சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிய சுண்டெலிகள் கூண்டில் இருக்கின்றன. முதல் இரண்டு வாரம்தான் கண்டம். குடலும் ரத்தமும் ஒருசேர அடிபட்டு எடை மளமளவென்று இறங்கும். அதைத் தாண்டிவிட்டால் புது மஜ்ஜை பிடித்துக்கொள்ளும், விலங்கு தேறிவிடும். கறுப்பு ரோமம் மட்டும் நரைக்கும். அப்படித் தேறிய சுண்டெலி ஒன்று சில வாரம் கழித்து மறுபடி மெலிகிறது. தீவனக் கட்டிகள் கடிபடாமல் கிடக்கின்றன. முதுகெலும்பு துருத்துகிறது, மோவாயில் எச்சில் ஈரம். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி உதட்டை ஒதுக்கிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. மேல் வெட்டுப்பல் ஒன்று ஈறோடு முறிந்திருக்கிறது. அதற்கு எதிரே உள்ள கீழ்ப்பல் உராய்வதற்கு எதுவும் இல்லாமல் நீண்டு, வளைந்து, அண்ணத்தில் குத்துகிறது. மஞ்சளாக இருக்க வேண்டிய பல் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது.

புற்று திரும்பவில்லை. புது மஜ்ஜையிலும் பழுதில்லை. அந்த விலங்கு பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான்.

இதை விலங்குக் கூடத்தின் சில்லறைத் தொல்லையாக நினைப்பவர்கள் உண்டு. புதிய மருந்துகளின் நச்சியல் அறிக்கைகளிலும், எலியின் பல் இடைவிடாமல் வளர்வதால் வந்த விளைவு இது, மனிதருக்குப் பொருந்தாது என்று ஒரே வரியில் கடந்துபோவது வழக்கம். வளர்ந்த மனிதரைப் பொறுத்தவரை அந்த வரி சரிதான். மூன்று வயதுக் குழந்தையைப் பொறுத்தவரை அது சரியல்ல. எலியின் வாயில் சில வாரங்களில் தெரிவது, அந்தக் குழந்தையின் வாயில் பத்து வருடம் கழித்துத் தெரிகிறது.

சுண்டெலிக்கு மொத்தம் 16 பற்கள். முன்னால் மேலும் கீழுமாக நான்கு வெட்டுப்பற்கள். அதற்கு அடுத்துக் கோரைப்பல் எதுவும் இல்லாத நீண்ட இடைவெளி. பின்னால் பக்கத்துக்கு மூன்றாக 12 கடைவாய்ப்பற்கள். கடைவாய்ப்பற்கள் நம்முடையவை போலத்தான்: ஒரு தடவை உருவாகி, வேர்விட்டு, வளர்ச்சியை முடித்துக்கொள்ளும். வெட்டுப்பல் அப்படியல்ல. வெளியே தெரிவது அதன் நுனி மட்டுமே. கீழ் வெட்டுப்பல் தாடையெலும்புக்குள் வில்லாக வளைந்து, கடைவாய்ப்பற்களுக்கு அடியில் புகுந்து, அவற்றுக்கும் பின்னால் போய் முடிகிறது. அந்த அடிமுனை மூடுவதே இல்லை. அங்கே இருக்கும் ஸ்டெம் செல்கள், விலங்கு உயிரோடு இருக்கும்வரை புதிய பல்லைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் ஹிடெமிட்சு ஹராடாவும் பின்லாந்தின் இர்மா தெஸ்லெஃபும் அவர்களுடைய குழுவினரும் 1999-இல் அந்த ஸ்டெம் செல்களின் இருப்பிடத்தை அடையாளம் காட்டினார்கள்.

பல்லின் வெளிப்பக்கத்தை ஒட்டிய செல்லடுக்கிலிருந்து எனாமலைச் சுரக்கும் செல்கள் பிறக்கின்றன. உள்ளே உள்ள பற்கூழிலிருந்து டென்டினைப் படியவைக்கும் செல்கள் பிறக்கின்றன. எனாமலுக்கு உரிய செல், பல் முன்னேறும்போது தானும் கூடவே முன்னேறுகிறது. நகர்ந்தபடியே முதிர்ந்து, சுரந்து, எனாமலைக் கெட்டிப்படுத்தி, வேலை முடிந்ததும் மடிகிறது. ஒரு தாடையை நீளவாக்கில் மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், பல் செல்லின் பிறப்பு முதல் முடிவு வரை அத்தனை கட்டங்களும் வரிசை கலையாமல் நிற்கும். பல் வளர்ச்சியைப் படிப்பவர்கள் நூறாண்டாக இந்தப் பல்லை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம்.

எனாமல் வெளிப்பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. உட்பக்கம் அதைவிட மென்மையான டென்டின். கொறிக்கக் கொறிக்க உட்பக்கம் சீக்கிரம் தேய்வதால் பல் உளிபோலக் கூராகவே நிற்கும். எனாமலின் மேற்புறத்தில் இரும்பு படிவதால்தான் அந்த மஞ்சள் நிறம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வளர்கிறது. சுமார் ஒரு மாதத்தில் முழுப் பல்லும் புதிதாகிவிடுகிறது. வளர்வதும் தேய்வதும் ஈடாக இருக்கும்வரை நீளம் மாறாது. எதிர்ப்பல் முறிந்துவிட்டாலோ தேய்மானம் நின்றுபோகிறது, வளர்ச்சி இன்னும் வேகம் பிடிக்கிறது. கூண்டில் பார்த்த அந்த வளைந்த பல் அப்படித்தான் உருவாகிறது.

1906-இல் ழான் பெர்கோனியே, லூயி த்ரிபோந்தோ என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் கதிர்வீச்சைப் பற்றி ஒரு விதியை வகுத்தார்கள். எந்தச் செல் அதிகம் பிரிகிறதோ, இன்னும் முதிராமல் இருக்கிறதோ, அதுவே கதிருக்கு முதலில் பலியாகும் என்பது அதன் சாரம். பின்னால் வந்த கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவையும் அதே வழியில்தான் போகின்றன. பிரியும் செல்லைக் கொல்வதுதான் அவற்றின் வேலை. புற்றுச் செல் பிரிகிறது, அதோடு முடியின் வேரும் குடலின் உட்சுவரும் மஜ்ஜையும் பிரிகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன. மருத்துவமனையில் நோயாளியிடம் சொல்லும் இந்தப் பட்டியலில் பல் வளர்ச்சி வருவதில்லை. வளர்ந்தவருக்குப் பல் வளர்ந்து முடிந்துவிட்டது. சுண்டெலிக்கு அது முடிவதே இல்லை.

கீமோதெரபி எடுத்தவர்களின் நகங்களில் குறுக்குப் பள்ளம் விழுந்து, மாதக்கணக்கில் மெல்ல நுனியை நோக்கி நகர்ந்து போவதைப் பலர் பார்த்திருப்பார்கள். மருந்து ஏறிய நாள்களில் நகத்தின் வேர் வேலையை நிறுத்தியதன் தடம் அது. வெட்டுப்பல்லிலும் இதே கதைதான். 1975-இல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எலிகளுக்கு ஒரே ஒரு தடவை அதிக அளவில் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்தால் பல்லுக்கு என்ன ஆகிறது என்பதை அது விவரித்தது. மருந்து போன உடனே அடிமுனையில் பிரிந்துகொண்டிருந்த செல்கள் சாகின்றன. முதிர்ந்து, ஏற்கெனவே சுரக்கத் தொடங்கிவிட்ட செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே அன்றைக்கு வாயைத் திறந்து பார்த்தால் பல்லில் ஒரு குறையும் தெரியாது. செத்துப்போன செல்கள் செய்திருக்க வேண்டிய பகுதிதான் மெலிந்தும் பள்ளமாகவும் உருவாகி, தாடைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் முன்னேறி வருகிறது. ஈறு விளிம்பை எட்ட அதற்குச் சில வாரம் பிடிக்கும். எட்டியதும், ஒரு தீவனக் கட்டியைக் கடிக்கும்போது பல் அந்த இடத்தில் ஒடிகிறது.

இந்தத் தாமதம் பலரை ஏமாற்றியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சுண்டெலியில் கட்டியை ஒட்டவைத்து மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனைகளில் பல, மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். பல் ஒடிவதற்குள் விலங்கின் ஆயுளும் முடிந்துவிடுகிறது. தாடையைச் சீவிப் பார்க்காதவரை, மருந்து பல்லைத் தொடவில்லை என்றே பதிவேட்டில் இருக்கும்.

எல்லா மருந்தும் செல்லைக் கொன்றுதான் பல்லைக் கெடுக்கும் என்பதும் இல்லை. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் இதற்கு நல்ல உதாரணம். தென் தமிழ்நாட்டில் மானாவாரி நிலத்தில் விளைவித்து ஏற்றுமதி செய்யும் அதே செடிதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு 1960-களிலிருந்து கைகொடுத்து வரும் மருந்து அது. செல்லுக்குள் நுண்குழாய்கள் கட்டப்படுவதை அது தடுக்கிறது. செல் பிரிவதற்கு அந்தக் குழாய்கள் வேண்டும், சரக்கை உள்ளிருந்து வெளியே கொண்டுபோவதற்கும் அவையே வேண்டும். டென்டினைப் படியவைக்கும் செல் இனிப் பிரியப் போவதில்லைதான். ஆனால் புரதத்தைத் தயாரித்து, பைகளில் அடைத்து, சரியான பக்கம் பார்த்து வெளியே தள்ளுவதே அதன் பிழைப்பு. பாதை அறுந்தால் செல் உயிரோடு இருந்தும் டென்டின் தாறுமாறாகப் படிகிறது.

ஐசக் ஷோர் என்ற அமெரிக்கப் பல் ஆய்வாளர் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1930-களிலேயே எலியின் வெட்டுப்பல்லை உடலின் நாட்குறிப்பாக வாசிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். டென்டின் நாள்தோறும் ஒரு மெல்லிய அடுக்காகப் படிகிறது, அடுக்குக்கு அடுக்கு கோடு தெரிகிறது. ஹாஃப்மன் என்பவருடன் சேர்ந்து 1939-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தத் தினசரி அடுக்கின் கனத்தை 16 மைக்ரான் என்று கணக்கிட்டார். மருந்து செலுத்திய நாளை இப்படிப் பல்லிலேயே பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடிக்கலாம். கெட்ட அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்தால், மருந்தின் பாதிப்பு எத்தனை நாள் நீடித்தது என்பதும் கிடைத்துவிடும். ரத்தப் பரிசோதனையில் இப்படிப் பழைய நாள்களைத் திரும்பிப் பார்க்க வழியில்லை.

கதிர்வீச்சின் சேதம் இன்னும் கடுமை. மஜ்ஜை மாற்றுவதற்காக ஆய்வகச் சுண்டெலிக்குத் தரும் அளவு பொதுவாக 10 கிரேயை ஒட்டி இருக்கும். புது மஜ்ஜை ஏற்றாவிட்டால் விலங்கைக் கொன்றுவிடும் அளவு அது. மஜ்ஜைக்குப் பதில் மஜ்ஜை ஏற்றலாம். அடிமுனையில் அழிந்த பல் ஸ்டெம் செல்களுக்குப் பதிலாக ஏற்றுவதற்கு ஒன்றுமில்லை. எஞ்சிய செல்கள் தேறினால் பல் மீள்கிறது, இல்லாவிட்டால் கோணலாகவும் நொறுங்கலாகவும் வளர்கிறது, சில சமயம் வளர்வதே இல்லை. தலையை ஈயத்தால் மறைத்துவிட்டால் பல் தப்புமே என்று தோன்றும். தப்பும்தான். ஆனால் மண்டையெலும்புக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. அங்கே கதிர் படாமல் தப்பிய பழைய செல்கள் பெருகி, புதிய மஜ்ஜையோடு கலந்துவிடும். எந்த ரத்த அணு யாருடையது என்று அறியத்தானே அந்தச் சோதனை. ஆகவே பல ஆய்வகங்கள் பல்லைக் காவு கொடுத்துவிட்டு, பராமரிப்பில் ஈடுகட்டுகின்றன.

அந்தப் பராமரிப்பைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கட்டித் தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, எக்கிப் பிடிக்க வேண்டாதபடி கூண்டின் தரையிலேயே வைக்க வேண்டும். ஈரப்பதமுள்ள கூழ்த் தீவனம் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. நீண்ட பல்லை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை குறைக்க வேண்டும். கையில் கிடைத்த நகவெட்டியால் நறுக்குவது எளிது. ஆனால் அந்த அழுத்தத்தில் பல் நெடுக்காகப் பிளந்து கூழ் வரை விரிசல் போகும், சீழ் பிடிக்கும். பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சுழலும் சிறு அரத்தால் தேய்த்து எடுப்பதுதான் விலங்குக்கு நல்லது. வாயில்லாப் பிராணி நமக்காக இதையெல்லாம் படுகிறது. குறைந்தபட்சம் அது பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்வது, சோதனையின் அதிகப்படி வேலை அல்ல, சோதனையின் பகுதி.

சோதனையின் முடிவே இதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு மருந்தை எந்த அளவு வரை உடல் தாங்கும் என்பதைச் சுண்டெலியில் முதலில் எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எடை 20 விழுக்காடு குறைந்தால் விலங்கின் வேதனையை நிறுத்திவிட வேண்டும் என்பது பல ஆய்வகங்களின் விதி. இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு நல்ல மருந்து கட்டியைச் சுருக்குகிறது, குடலையும் கல்லீரலையும் தொடவில்லை, பல்லை மட்டும் ஒடித்துவிடுகிறது. விலங்கு தின்ன முடியாமல் மெலிகிறது. எடைப் பதிவேட்டில் இது மருந்தின் நச்சாகத்தான் தெரியும். பட்டினி கிடக்கும் விலங்கின் உடலில் கட்டி வளரும் வேகமும் மாறலாம் என்பதால் குழப்பம் அடுத்த பக்கத்துக்கும் தாவுகிறது. மருந்து கொடுத்த விலங்குக்கு மட்டும் கூழ்த் தீவனம் வைத்து, ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் விலங்குகளுக்குக் கட்டித் தீவனம் போட்டால் அதுவும் தப்பு. இரண்டு தரப்புக்கும் ஒரே சாப்பாடு, வாரம் ஒரு தடவை வாயைத் திறந்து பார்த்து எழுதிய ஒரு வரி: இந்த இரண்டும் இருந்தால் பாதிக் குழப்பம் ஓடிவிடும்.

இதுவரை சொன்னவை பழைய மருந்துகள். புற்றுச் செல்லுக்குப் போகும் குறிப்பிட்ட ஒரு சமிக்ஞையை மட்டும் துண்டிக்கும் புதிய மருந்துகள் வந்தபோது, பிரியும் செல்களையெல்லாம் கண்மூடித்தனமாகத் தாக்கும் தொல்லை தீர்ந்தது என்ற எதிர்பார்ப்பு இருந்தது. எலியின் பல் அங்கேயும் முறிந்தது.

தோலில் வரும் அடித்தளச் செல் புற்றுக்காக 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விஸ்மோடெகிப் 'ஹெட்ஜ்ஹாக்' என்ற சமிக்ஞைப் பாதையை அடைக்கிறது. கருவில் கை கால் முதல் மூளை வரை வடிவமைக்கும் பாதை அது. வளர்ந்த பிறகு உடலின் பெரும்பகுதியில் அடங்கிக் கிடக்கும். அடங்காமல் இயங்கும் இடங்களில் ஒன்று எலியின் வெட்டுப்பல். எலிகளுக்குத் தொடர்ந்து இந்த மருந்தைக் கொடுத்தபோது டென்டின் செல்கள் அழிந்தன, பற்கூழில் நீர் கோத்த கட்டிகள் உண்டாயின, ரத்தம் கசிந்தது, பற்கள் ஒடிந்து விழுந்தன. மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பேட்டிலேயே இது மீளாத மாற்றம் என்று பதிவாகியிருக்கிறது. அதே வரியில் இன்னொன்றும் இருக்கிறது: எலும்பு நீளமாக வளர உதவும் குருத்தெலும்புத் தகடுகள் காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டன.

ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளும் இப்படியே. கட்டிக்குப் புது ரத்தக் குழாய் கிடைக்காமல் செய்வதற்காக உருவான பசோபனிப், ஆக்சிடினிப் போன்றவை சிறுநீரகப் புற்றுக்குத் தரப்படுகின்றன. டென்டின் செல்களுக்குப் பின்னால் நெருக்கமான நுண் ரத்தக் குழாய் வலை ஒன்று உண்டு. பல் முன்னேற முன்னேற அந்த வலையும் புதிதாகப் பின்னப்பட வேண்டும். மருந்து அதைத் தடுத்ததும் கொறிவிலங்குகளின் வெட்டுப்பல் கெட்டது, வளரும் எலும்பின் தகடுகளும் தடித்துக் கோணின. பல்லும் எலும்புத் தகடும் திரும்பத் திரும்பச் சேர்ந்தே அடிபடுவதை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டும் வளரும் திசுக்கள். எலியின் வெட்டுப்பல்லைப் போலவே எலியின் எலும்புத் தகடும் வயதானாலும் முழுதாக மூடாது. வயது வந்த எலியின் உடலில் குழந்தைப் பருவம் மிச்சமிருக்கும் இடங்கள் இவை. அந்த இடத்தில் விழும் அடி நம் குழந்தைகளுக்கான எச்சரிக்கை என்று வாசிப்பதுதான் முறை.

அப்படி வாசிக்க வேண்டியிருந்ததற்கு அத்தாட்சியும் வந்துவிட்டது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி குழந்தைகளுக்கு வருவது. அதில் ஒரு வகை ஹெட்ஜ்ஹாக் பாதையால் தூண்டப்படுகிறது. வேறு வழி இல்லாத குழந்தைகளுக்கு விஸ்மோடெகிப் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் சிலருக்கு எலும்புத் தகடுகள் மூடிக்கொண்டு உயரம் நின்றுபோனதை 2017-இல் வெளியான ஆய்வறிக்கை பதிவு செய்தது. மருந்தை நிறுத்திய பிறகும் அது திரும்பவில்லை. எலும்பு வளர்ச்சி முடியாத குழந்தைகளுக்கு இதைத் தரக் கூடாது என்ற நிலைப்பாடு அதன்பிறகே உறுதிப்பட்டது. எலி முன்கூட்டியே சொல்லியிருந்தது.

குழந்தையின் பல்லுக்கு வருவோம். நிரந்தரப் பற்களில் முதல் கடைவாய்ப்பல் குழந்தை பிறக்கும் சமயத்திலேயே தாடைக்குள் கெட்டிப்படத் தொடங்கிவிடுகிறது. முன்பற்கள் முதல் வயதுக்குள், முன்கடைவாய்ப்பற்களும் இரண்டாம் கடைவாய்ப்பல்லும் ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள். ஞானப்பல் தவிர மற்றவற்றின் மேற்பகுதி எட்டு வயதை ஒட்டி முடிந்துவிடும், வேர்கள் முடிய 15, 16 வயது ஆகும். குழந்தைகளுக்கு அதிகம் வரும் புற்றான லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்று உச்சம் தொடுவது இரண்டு முதல் ஐந்து வயதில். பல்லின் பட்டறை முழு வேகத்தில் ஓடும் ஆண்டுகளும் இவைதான்.

1960-களின் தொடக்கத்தில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இன்று வசதியுள்ள நாடுகளில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். மருத்துவத்தின் மகத்தான சாதனைகளில் ஒன்று இது. அந்த மருந்துகளைக் குறைசொல்ல எனக்கு நாவெழாது. ஆனால் பிழைத்த குழந்தைக்கு இன்னும் அறுபது எழுபது வருடம் அந்தப் பல்லோடுதான் வாழ வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இளம்பருவப் புற்றிலிருந்து மீண்ட 9,000-க்கும் மேற்பட்டவர்களையும் அவர்களுடைய உடன்பிறந்தோரையும் ஒப்பிட்டு 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. மீண்டவர்களிடம் முளைக்காத பற்கள், சிறுத்த பற்கள், குட்டையான வேர்கள், எனாமல் குறைகள் எல்லாம் அதிகமாக இருந்தன. தாடையில் 20 கிரேயும் அதற்கு மேலும் கதிர் பட்டவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடியது. சைக்ளோபாஸ்பமைடு வகை மருந்துகள் உடலில் ஏறிய மொத்த அளவு கூடக் கூடப் பல்லின் குறையும் கூடியது.

இதை ஆராய்வதற்கு வெட்டுப்பல்லைவிடச் சுண்டெலியின் கடைவாய்ப்பல்லே பொருத்தம். நம் பல்லைப் போல அதுவும் ஒரே தடவை உருவாவது, வேர் விடுவது. பிறந்து சில நாளே ஆன குட்டிகளுக்குச் சைக்ளோபாஸ்பமைடு கொடுத்து, வளர்ந்தபின் தாடையைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கடைசியாக உருவாகும் மூன்றாம் கடைவாய்ப்பல் சிறுத்திருந்தது, அல்லது இல்லவே இல்லை. முன்னால் உருவான பற்களுக்கு வேர் குட்டை. எந்தப் பல் கெடும் என்பதை மருந்து கொடுத்த நாள்தான் தீர்மானித்தது. மூன்று வயதில் சிகிச்சை எடுத்த குழந்தைக்கு முன்கடைவாய்ப்பல் முளைக்காமல் போவதும், எட்டு வயதில் எடுத்த குழந்தைக்குப் பற்கள் எல்லாம் இருந்தும் வேர் கூம்பிக் குறுகியிருப்பதும் இதே கணக்கில்தான்.

எலும்பைக் காக்கும் மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புற்று எலும்புக்குப் பரவியவர்களுக்குத் தரும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை எலும்பை அரிக்கும் செல்களை அடக்குகின்றன. பல் எடுத்த இடம் ஆறாமல் தாடையெலும்பு செத்துப்போகும் சிக்கல் இவற்றால் வருவது மருத்துவ உலகுக்குத் தெரியும். இதைச் சுண்டெலியில் ஆராய ஓர் இடைஞ்சல் இருந்தது. டெனோசுமாப் மனிதப் புரதத்தை மட்டுமே பிடிக்கும், சுண்டெலியின் அதே புரதத்தைப் பிடிக்காது. ஆகவே மரபணுவில் மனிதத் துண்டைப் பொருத்திய சுண்டெலிகளை உருவாக்க வேண்டியிருந்தது. அரிக்கும் செல்கள் இல்லையென்றால் வளரும் விலங்கில் பல் எலும்பைத் துளைத்து வெளியே வரவும் முடியாது. அதனால்தான் இந்த மருந்தின் குறிப்பேட்டிலும் பல் முளைப்பது தடைபடும் என்ற எச்சரிக்கை, எலிக்குட்டிகளை ஆதாரமாகக் காட்டி இடம்பெற்றிருக்கிறது.

கெட்ட பல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் விதத்தைப் பற்றி அண்மையில் கிடைத்திருக்கும் விடை எனக்குப் பெரும் ஆர்வம் தருவது. கலிஃபோர்னியாவில் ஆஃபிர் க்ளைனின் ஆய்வகம் நெடுநாளாக வெட்டுப்பல்லைப் படித்து வருகிறது. ஹெட்ஜ்ஹாக் பாதையை மருந்தால் அடைத்தபோது எனாமல் செல்கள் மறைந்ததையும், மருந்தை நிறுத்தியதும் அவை திரும்பியதையும் அவர்கள் 2010-இல் காட்டினார்கள். ஸ்டெம் செல்கள் சாகவில்லை, உத்தரவுக்காகக் காத்திருந்தன. 2019-இல் அம்னோன் ஷரிரும் க்ளைனும் சகாக்களும் இன்னும் ஒரு படி போனார்கள். 1950-களில் உருவாகி இன்றும் குடல் புற்றுக்குத் தரப்படும் 5-ஃபுளோரோயுராசிலைச் சுண்டெலிக்குக் கொடுத்து, பிரியும் செல்களை வேண்டுமென்றே கொன்றார்கள். அடிமுனையில் எங்கோ உறங்கிக் கிடக்கும் சில ஸ்டெம் செல்கள் விழித்து வந்து பல்லைக் காப்பாற்றும் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை. அவர்கள் கண்டது வேறு. ஸ்டெம் செல்கள் உறங்கவில்லை, எப்போதும் சுறுசுறுப்பாகப் பிரிந்துகொண்டிருக்கும் பெரிய கூட்டம் அது. மருந்து அடித்த பிறகு, வழக்கமாகப் பக்கத்து அடுக்குக்கு ஆள் அனுப்பும் செல்கள் தடம் மாறி எனாமல் செல்களாகின. கொஞ்ச நாளில் பிரிவு மறுபடி தொடங்கியது.

மருந்தின் பக்கவிளைவாக மட்டும் பார்த்துவந்த சேதம் இங்கே ஆய்வுக் கருவியாகிவிட்டது. குழந்தையின் பல்லுக்கு இதிலிருந்து நாளை ஏதாவது கிடைக்கலாம். மனிதப் பல்லில் எனாமல் செல்கள் பல் முளைப்பதோடு மறைந்துவிடுவதால், இழந்ததை உடல் திரும்பச் செய்ய வழியில்லை. அந்தத் தடம் மாறும் கட்டளை என்னவென்று தெரிந்தால், பல் இன்னும் தாடைக்குள் இருக்கும்போதே அதைக் காப்பாற்ற ஒரு பாதை தென்படும். எவ்வளவு காலம் ஆகும் என்று யாரும் ஆணையிட்டுச் சொல்ல முடியாது.

இன்று செய்யக் கூடியவை எளியவை. சிகிச்சை தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தையும் தொற்றும் இருந்தால் நேரம் இருக்கும்வரை சரிசெய்துகொள்ளலாம். சிகிச்சை முடிந்தபின், வயதுக்கு ஏற்றபடி முழுத் தாடையையும் எக்ஸ்ரே எடுத்து எந்தப் பல் இருக்கிறது, எது இல்லை, வேர் எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளலாம். பதின்மூன்று பதினான்கு வயதில் பல்லுக்குக் கம்பி கட்டும் யோசனை வரும்போது இந்தப் படம் மிக முக்கியம். வேர் குட்டையான பல்லை வழக்கமான விசையில் இழுத்தால் அது ஆட்டம் கண்டுவிடும். பெற்றோர் அந்த வயதில் புற்று வந்த பழைய கதையைப் பல் மருத்துவரிடம் சொல்லத் தோன்றாமல் இருந்துவிடுகிறார்கள், கம்பிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்து. எந்த வயதில், என்னென்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர் எங்கே பட்டது: இந்த நான்கும் எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு வாங்கி, பல் மருத்துவரிடம் போகும்போது கையோடு எடுத்துப்போக வேண்டும்.